கேஸ் கத்தம்

பூங்கோதை மிஸ்ஸின் சனிக்கிழமை வகுப்பில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை. கெட்ட வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தையைக்கூட இடம் பார்த்துப் பொருத்தமாகச் சொன்னால் அவள் விட்டுவிடுவாள். ‘நான் செய்யல’ என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

“அது வாதம் இல்ல, அழுகை,” என்பாள். “பூனைக்கு வாய் இருந்தா பூனையும்தான் சொல்லும், பாலை நான் குடிக்கலன்னு. நீ செய்யலன்னா அதை எனக்குக் காட்டு. சும்மா சொல்லாதே.”

பள்ளியின் பெயர் வேண்டாம், வம்பு. இந்தத் தீவில் பத்துபஸ்திப் பக்கம், விமானம் இறங்கும்போதெல்லாம் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டிய பள்ளிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்பது வருஷமாக அவள் தமிழ் டீச்சர். ஒன்பது வருஷமும் காண்ட்ராக்ட். ஏப்ரல் வந்தால் ஒரு கையெழுத்து, அடுத்த ஏப்ரலில் இன்னொன்று. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பெர்மனன்ட் ஆகி, அவளையே டீ வாங்கிவரச் சொல்லாத குறை. இந்த வருஷம்தான் அவளுடைய ஃபைல் முதல்முறையாக நிர்வாகக் கமிட்டியின் மேஜைக்குப் போயிருந்தது. அக்டோபர் கடைசியில் கூட்டம். பிரின்சிபால் சந்திரசேகர் இரண்டு வரி நல்லதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். சோற்றை விழுங்கும்போதும் அந்த ஃபைல்தான் அவள் தொண்டையில் நின்றது.

காண்ட்ராக்ட் டீச்சர் என்றால் எல்லா வேலையும் தலையில் விழும். பரீட்சைப் பொறுப்பு அவளிடம். வாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் அவளிடம். முதலாவதை எரிச்சலோடு செய்தாள். இரண்டாவதை உயிராகச் செய்தாள், அதில் பொய்யில்லை.

எம்.ஏ. படிக்கும்போது பழைய கிரேக்கர்கள் வாதம் கற்ற விதத்தை எங்கோ படித்து, அதிலேயே மனசைப் பறிகொடுத்தவள் அவள். வாதம் என்பது மண்டைக்குள் தானாக ஊறாது, அது இருக்கிற இடங்கள் இருக்கின்றன, போய்க் கதவைத் தட்டினால் எடுத்துக்கொண்டு வரலாம். இதுதான் சங்கதி. அதை அவள் ஐந்து வாசலாகச் சுருக்கிப் பிள்ளைகளின் ஐந்து விரலில் ஏற்றிவிட்டாள். கட்டைவிரலை மடக்கினால் ‘இது என்ன?’ அடுத்தது ‘இது எதைப் போல?’ நடுவிரல் ‘எதனால், அதனால் என்ன?’ அப்புறம் ‘நடக்கக்கூடியதா?’ சுண்டுவிரலுக்கு ‘யார் சாட்சி?’ எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அவள் பிள்ளைகள் முதலில் விரலை மடக்குவார்கள். மற்றப் பள்ளிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் மூன்று வருஷமாகக் கோப்பை இங்கேதான் இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு முறை உண்டு. வகுப்பின் நடுவே ஒரு நாற்காலி. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பிள்ளைகள் எழுதிப்போட்ட சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் யாராவது ஒருவர்மேல் ஒரு குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு பொய்யாக இருக்க வேண்டும், பொய் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும். வெங்கடேஷ் லைட்ஹவுஸைத் திருடி விற்றுவிட்டான் என்பது போல. பெயர் வந்தவர் நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் ஐந்து வாசலையும் தட்டி அவரைக் குற்றவாளி ஆக்க வேண்டும்.

“உண்மைக்கு வாதம் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமா? உண்மை தானே நடந்துவரும்,” என்பாள் பூங்கோதை. “பொய்க்குக் கண்டுபிடி. அப்பதான் வித்தை.”

முடிவில் அவள் மேஜையைத் தட்டி, “கேஸ் கத்தம்!” என்பாள். வழக்கு முடிந்தது என்று அர்த்தம்; இந்தி பேசுகிற ஊர், எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது புரியும். அந்த இரண்டு வார்த்தையோடு நாற்காலியில் இருந்தவரின் குற்றம் எல்லாம் கழன்றுவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள், குற்றவாளிக்கு ஒரு புளிமிட்டாய் கிடைக்கும். எவ்வளவு கிழித்திருந்தாலும் மிட்டாயோடு சரி, மனசில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சீட்டில் இர்பானாவின் பெயர் வந்தது. ‘அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளை வெளியே விட்டது இர்பானா.’ அரையாண்டுத் தேர்வுக்கு அப்போது இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கேள்வித்தாள் அச்சாகக்கூட இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவ்வளவு சிரிப்பு.

இர்பானா பன்னிரண்டாம் வகுப்பு. அபர்தீன் பஜாரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீனின் ஒரே மகள். வாதக் குழுவில் முதல் பேச்சாளர் அவள்தான். மிஸ்ஸின் அலமாரிச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. நோட்டுப் புத்தகங்களை அடுக்கி வைப்பதும், மிஸ் கேன்டீனில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை ஓடிப்போய் எடுத்துவருவதும் அவள் வேலை. குடை, கண்ணாடி, டிபன் பாக்ஸ் என்று பூங்கோதை வாரத்துக்கு ஒன்றை எங்காவது விட்டுவிட்டு வருவாள்.

அன்றைக்குத் தாக்கியவள் ஹரிணி. இரண்டாம் பேச்சாளர். இரண்டாம் பேச்சாளராகவே இரண்டு வருஷம் இருந்தவளுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று இரண்டாவதாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

“நடக்கக்கூடியதா?” என்று மோதிரவிரலை மடக்கினாள் ஹரிணி. “மிஸ் அலமாரிச் சாவி யார்கிட்ட? இர்பானாகிட்ட. அவ வாப்பா கடையில என்ன இருக்கு? ஜெராக்ஸ் மெஷின். எடுக்கவும் அவளால முடியும், காப்பி போடவும் அவளால முடியும். இந்த ரெண்டும் சேர்ந்த ஆள் இந்த ஸ்கூல்ல இன்னொருத்தர் உண்டா?”

“வாஹ்!” என்று கத்தினான் வெங்கடேஷ்.

“எதனால? முதல் பேச்சாளர், முதல் ரேங்க், எல்லாத்துலயும் முதல். ஒரு தடவை முதல்ல இருந்தவங்களுக்கு இறங்கப் பயம். அந்தப் பயம்தான் காரணம்.”

இர்பானா சளைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எவளாவது திருடுவாளா என்று திருப்பிக் கேட்டாள். யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதாலேயே திருடுவாள் என்று ஹரிணி மடக்கினாள். இர்பானா சிரித்துக்கொண்டே முதல் ஆளாகக் கைதட்டினாள்.

“கேஸ் கத்தம்!” என்றாள் பூங்கோதை. இர்பானா புளிமிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தன் பச்சை மைப் பேனாவை எடுத்து ஒரு சீட்டில் ஏதோ எழுதி டின்னுக்குள் போட்டாள்.

“அடுத்து உங்க டர்ன்தான் மிஸ், பாத்துக்குங்க.”

“போடி, வாயாடி,” என்று செல்லமாக ஒரு தட்டு தட்டினாள் பூங்கோதை.

செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறங்கினால்தான் ஊரில் வெங்காயம் முதல் பென்சில் வரை எல்லாம். பள்ளி ஜெராக்ஸ் மெஷினுக்கு வாங்கச் சொன்ன டோனரும் அந்தக் கப்பலில்தான் இருந்தது. பழைய டோனரை எடுத்துக் குலுக்கிக் குலுக்கி ஐந்து பாடத்துக் கேள்வித்தாளை ஓட்டிவிட்டாள் பூங்கோதை. ஆறாவது கெமிஸ்ட்ரி. மெஷின் வெள்ளைத் தாளாகவே துப்பியது. திங்கட்கிழமை தேர்வு, அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கேள்வித்தாளைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், “டோனரை முன்னாடியே பார்த்து வாங்க வேண்டாமா?” என்று அந்த ஆள் மூக்கை உறிஞ்சுவார், அந்த உறிஞ்சல் ஃபைலில் இரண்டு வரியாக இறங்கும். கமிட்டிக் கூட்டத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. அவள் தாளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ஷாதிபூரில் புஷ்பாவின் கடையில் இறங்கினாள். முப்பத்தெட்டுக் காப்பி எடுத்தாள். புஷ்பாவின் மெஷினில் தாளின் வலது ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. விழட்டும், கேள்வியை மறைக்கவில்லையே என்று கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் பையைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டுக் காப்பியும் இருந்தன, ஒரிஜினல் இல்லை.

ஓட்டமாக ஓடினாள். புஷ்பா சாவகாசமாகச் சிரித்தாள். “என்னா மிஸ், ஒரிஜினலை மெஷின் கண்ணாடிமேலயே வுட்டுட்டுப் போய்ட்டீங்க. அடுத்து வந்த காலேஜ் பசங்க பாத்துட்டு எடுத்துக் குடுத்தாங்க. இந்தாங்க.”

எடுத்துக் கொடுத்த பசங்கள் அதற்குமுன் ஒரு பட்டனை அமுக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கெமிஸ்ட்ரிக் கேள்வித்தாள் ஊர் முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது. பூங்கோதை போனைக் கையில் எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வலது ஓரத்தில் கறுப்புக் கோடு.

தேர்வு ரத்தானது. ரத்தான தாள்களை எரித்துவிட வேண்டும் என்பது வழக்கம். திங்கட்கிழமை முதல் வேலையாக முப்பத்தெட்டையும் பள்ளிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூங்கோதை தானே கொளுத்தினாள். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. ஏன் படுவார்கள்? சந்தேகப்பட ஆள் ஏற்கெனவே தயாராக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையே வெங்கடேஷ் வகுப்பு க்ரூப்பில் எழுதியிருந்தான்: ‘ஹரிணி அன்னிக்கே சொன்னா, பலிச்சிருச்சுடா!’ விளையாட்டுக்குத்தான் எழுதினான். அதற்குக் கீழே ஒருவன் ‘சாவி யார்கிட்ட?’ என்றான். இன்னொருத்தி ‘ஜெராக்ஸ் யார் கடையில?’ என்றாள். வாதம் எல்லாம் சுடச்சுட ஆறு வாரத்துக்கு முன்பே சமைத்து வைத்திருந்தது, எடுத்துப் பரிமாற வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை வகுப்புக்கே வராத பிள்ளைகளுக்கு அது பயிற்சி என்று தெரியாது. வந்த பிள்ளைகளுக்கும் திங்கட்கிழமை மதியத்துக்குள் மறந்துவிட்டது. சாயங்காலம் இர்பானா கேன்டீனுக்குப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை சந்திரசேகர் கூப்பிட்டுவிட்டார்.

“பூங்கோதை, பசங்க எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. நம்ம மெஷின்ல இப்படி விழாது. வெளி மெஷின். அந்தப் பொண்ணோட அப்பா கடையில மெஷின் இருக்காமே? உங்க சாவியும் அதுகிட்டதானாமே?”

ஒரு வரி போதும். ‘சார், அது என் வகுப்பில் விளையாட்டுக்குக் கட்டிய பொய்.’ அது நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று பூங்கோதைக்குத் தெரியும், கேள்வி கேட்கப் பழக்குகிறவள் அல்லவா. ‘அப்படியானால் எந்த வெளி மெஷின்? டோனர் இல்லாமல் கெமிஸ்ட்ரித் தாளை எங்கே காப்பி எடுத்தீர்கள்?’ ஒன்பது ஏப்ரல்களும் அவள் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன.

“சாவி அவகிட்டதான் சார் இருந்துச்சு,” என்றாள்.

அது பொய் இல்லை பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

வியாழக்கிழமை பிரின்சிபால் அறையில் விசாரணை. ஜெய்னுலாப்தீன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி செய்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு கவர். அவர் மனைவி மஸூதா மகளின் முழங்கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஜெய்னுலாப்தீன் பூங்கோதையைப் பார்த்து முகம் தெளிந்தார்.

“மிஸ், நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தோம். புள்ள வீட்டுல எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான்.”

அறைக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டிருந்தது. இர்பானா அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து மிஸ்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தாலும் அதற்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. நாற்காலி பழகின நாற்காலி, எதிரே இருப்பது பழகின மிஸ்.

“நீங்களே கேளுங்க பூங்கோதை,” என்று சாய்ந்துகொண்டார் சந்திரசேகர். “கேள்வி கேக்குறதுல நீங்கதானே எக்ஸ்பர்ட். கமிட்டி மெம்பர்ஸ்கூட ரிப்போர்ட் பார்ப்பாங்க.”

கமிட்டி என்ற சொல் அவள் காதில் மணி மாதிரி விழுந்தது.

“அலமாரிச் சாவி வெள்ளிக்கிழமை யார்கிட்ட இருந்தது?”

“என்கிட்ட, மிஸ்.”

“உங்க கடையில ஜெராக்ஸ் மெஷின் இருக்கா?”

“இருக்கு. ஆனா மிஸ்...”

“இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

ஜெய்னுலாப்தீன் அவசரமாகக் கவரைப் பிரித்தார். “சார், மிஸ், கொஞ்சம் இதைப் பாருங்க. இன்னிக்குக் காலைல நம்ம மெஷின்ல எடுத்தது. கோடு கீடு ஒண்ணும் கெடையாது. பளிச்சுன்னு வருது. இதுலேர்ந்தே தெரியலையா?”

சந்திரசேகர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் மட்டும் நீண்டிருந்தால் பெண் பிழைத்திருப்பாள். சும்மா இருந்திருக்கலாம் பூங்கோதை. பாவி, வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நான்காவது விரல் தானாக மடங்கிக்கொண்டது.

“மெஷினை சமீபத்துல சர்வீஸ் பண்ணீங்களா?” என்று கேட்டாள்.

“பண்ணோம்,” என்றார் அந்த மனிதர், பொய் சொல்லத் தெரியாமல். “மெக்கானிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை சென்னைலேர்ந்து பிளேன்ல வருவாரு. திங்கக்கெழம வந்துட்டுப் போனாரு.”

“திங்கட்கிழமை,” என்று திருப்பிச் சொன்னாள் பூங்கோதை. “ஞாயித்துக்கிழமை தாள் வெளியே வருது. திங்கட்கிழமை மெஷின் சுத்தமாகுது.”

சந்திரசேகரின் புருவம் மெச்சுதலாக உயர்ந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிஷத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. வாதம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மறு நிமிஷமே தன்மேலேயே வெறுப்பும் வந்தது. ஆனால் சந்தோஷம் வந்தது வந்ததுதான், அதை யாரும் அழிக்க முடியாது.

“இர்பானா, நீ சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?” என்றார் சந்திரசேகர்.

இர்பானா கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். எல்லா வாசலையும் தட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. பொய்க்கு அத்தனை வாதம் கண்டுபிடித்த பெண்ணுக்கு உண்மைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செய்யாத காரியத்துக்கு ஏது சாட்சி, ஏது காரணம்? அவள் தலையை நிமிர்த்தினாள்.

“மிஸ்... நான் செய்யல.”

“அது வாதம் இல்ல, இர்பானா,” என்றாள் பூங்கோதை.

பழக்கத்தில் வந்துவிட்டது. வாயிலிருந்து போனபிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. இர்பானா லேசாகச் சிரித்தாள்கூட. அந்த வரிக்குப் பிறகு வரவேண்டிய வரி எது என்று அவளுக்குத் தெரியும். மேஜையைத் தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கண்ணை எடுக்காமல் மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை மேஜைக்கு வரவில்லை. சந்திரசேகர் பேனாவைத் திறந்தார்.

நடுவருஷத்தில் டி.சி. நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. மஸூதா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“சார், பன்னெண்டாவதை இங்க முடிச்சாத்தான் தீவுக்காரங்க கோட்டாவுல சீட்டு. ஊருக்கு அனுப்பிட்டா அதும் போச்சு. நர்ஸிங் படிக்கணும்னு இருந்த புள்ள சார். மிஸ், நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, மிஸ்.”

பூங்கோதை ஜன்னல் வழியாக விமான நிலையத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. இர்பானா எழுந்து கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மிஸ்ஸின் முன்னால் மேஜையில் வைத்தாள். கதவுவரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அப்போதும் காத்திருந்தாள் என்றே தோன்றியது.

அடுத்த வாரம் வந்த கப்பலில் டோனர் இறங்கியது. அதே கப்பல் சென்னைக்குத் திரும்பும்போது இர்பானாவும் மஸூதாவும் அதில் ஏறிச் சொந்த ஊரான கீழக்கரைக்குப் போனதாக ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். ‘விசாரணையைத் திறம்பட நடத்தியவர்’ என்று சந்திரசேகர் இரண்டுக்குப் பதில் மூன்று வரி எழுதினார். அக்டோபர் கடைசியில் பூங்கோதைக்கு ஆர்டர் வந்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். தன் பங்கு லட்டை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைத்து, எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மறுபடி வகுப்பு. போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. இர்பானா இல்லாததால் முதல் பேச்சாளர் யார் என்று பூங்கோதை இன்னும் அறிவிக்கவில்லை. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நாற்காலி நடுவில் இருந்தது. வெங்கடேஷ் டின்னைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தான். பிரித்தவன் முகம் மாறியது.

“என்னடா?”

“பச்சை மை, மிஸ்.”

பச்சை மை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வெங்கடேஷ் படித்தான்: “கேள்வித்தாளை வெளியே விட்டது சாட்சாத் பூங்கோதை மிஸ்தான். தண்டனை, ரெண்டு புளிமிட்டாய்.”

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் அடக்க முடியாமல் எல்லோருமே சிரித்தார்கள். ஒரு மாதமாக அந்த வகுப்பில் சிரிப்பே இல்லாமல் இருந்தது, பாவம் பிள்ளைகள்.

“வேற சீட்டு எடு,” என்றாள் பூங்கோதை.

“நஹி மிஸ், ரூல்னா ரூல்!” என்று வெங்கடேஷ் நாற்காலியைத் துடைத்தான். “உக்காருங்க, உக்காருங்க.”

மறுத்தால் ஏன் மறுத்தாள் என்று கேட்பார்கள். உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஒரு கால் குட்டை, ஆடியது.

ஹரிணி எழுந்து வந்தாள். கட்டைவிரலை மடக்கினாள்.

“இது என்ன? வெளியே விடறதுன்னா திருடணும்னு இல்ல. மறந்துபோய் எங்கயாவது வெச்சிட்டு வந்தாலும் வெளியே விட்டதுதான்.”

“எதைப் போல?” என்று வெங்கடேஷ் துள்ளினான். “குடையை ஆட்டோவுல விட்டாங்களே, அதைப் போல! கண்ணாடியை கேன்டீன்ல விட்டாங்களே, அதைப் போல! லட்டை...” வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பூங்கோதையும் பல்லைக் காட்டினாள்.

“எதனால?” என்றாள் ஹரிணி. “கப்பல் வரல. டோனர் இல்ல. கெமிஸ்ட்ரிக்கு முந்தின வியாழக்கிழமை எங்க ஃபிசிக்ஸ் தாளே பாதி அழிஞ்சுபோய் வந்துச்சு, நாங்க கேட்டுக் கேட்டு எழுதினோம். அப்ப வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரித் தாள் மட்டும் எப்படி காப்பி ஆச்சு? நம்ம மெஷின்ல ஆகியிருக்காது.”

“பக்கா பாயின்ட்!” என்றான் வெங்கடேஷ்.

“நடக்கக்கூடியதா? மிஸ் வீடு ஷாதிபூர். வழியில ஒரே ஒரு ஜெராக்ஸ் கடைதான், புஷ்பா அக்கா கடை. யார் சாட்சி? நானே சாட்சி. போன வாரம் அங்க ஆதார் கார்டு காப்பி எடுத்தேன். வலது ஓரத்துல...”

ஹரிணியின் குரல் அங்கேயே நின்றது. விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், தான் என்ன சொல்லப் போகிறோம் என்பதை அப்போதுதான் கேட்டாள்.

தலைக்குமேல் விமானம் இறங்கியது. வழக்கம்போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜன்னல்கள் அதிர்ந்தன. அந்த இரைச்சலுக்குள் ஹரிணி மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். பூங்கோதையின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வார்த்தையும் போகவில்லை. போகவேண்டியது எல்லாம் போய்விட்டது.

இரைச்சல் அடங்கியது.

“சொல்லு ஹரிணி, வலது ஓரத்துல என்ன?” என்றான் வெங்கடேஷ்.

“நான் செய்யல!” என்றாள் பூங்கோதை.

வகுப்பே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. “மிஸ்! அது வாதம் இல்ல, அழுகை!” மேஜையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். வெங்கடேஷ் பூனை மாதிரி மியாவ் என்றான். மிஸ் வேண்டுமென்றே சொன்னாள், தங்களைச் சிரிக்கவைக்கச் சொன்னாள் என்றே அத்தனை பேரும் நம்பினார்கள்.

ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. சுண்டுவிரலை மடக்காமலே கையைக் கீழே போட்டாள். மேஜைப் பக்கம் போய் மிஸ் எப்போதும் தட்டுகிற இடத்தில் தட்டினாள்.

“கேஸ் கத்தம்,” என்றாள்.

கைதட்டல் எழுந்தது. ஹரிணி மிட்டாய் டப்பாவைத் திறந்து இரண்டு புளிமிட்டாய் எடுத்து, ஒன்றைப் பிரித்து மிஸ்ஸின் உள்ளங்கையில் வைத்தாள். பூங்கோதை அதை வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது, புளிப்பென்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள்.

ஹரிணி குனிந்து, இரண்டாவது மிட்டாயைக் கொடுக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டாள்.

“முதல் பேச்சாளர் நான்தானே, மிஸ்?”

“நீதான்,” என்றாள் பூங்கோதை.